கவுனியின் நிறம்

காலையில் கழிவறைக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, உள்ளே இருக்கும் மனைவியிடம் "கலர் என்னம்மா?" என்று கேட்கிற புருஷனை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். மலேசியாவில், மாசாயில் எங்கள் வீட்டில் சில வருடங்கள் அப்படித்தான் பொழுது விடிந்தது. கையில் காப்பிக் கோப்பையோடு நிற்பேன். உள்ளேயிருந்து பதில் வரும்வரை ஒரு வாய்கூடக் குடிக்க மாட்டேன்.

அவள் பதில் சொல்வதிலும் ஒரு மிடுக்கு இருக்கும். பொந்தியானில் செட்டிநாட்டுக் குடும்பத்தில் பிறந்தவள், சேலைகளுக்கு நடுவே வளர்ந்தவள். "கடுகு" என்பாள். இன்னொரு நாள் "காப்பிப்பொடி" என்பாள். "இன்னைக்கு சந்தனம். பார்டர்தான் இல்ல" என்று ஒரு நாள் சொன்னாள். ஒருமுறை விளையாட்டாக "அரக்கு" என்றுவிட்டாள். நான் கோப்பையைக் கீழே போட்டு உடைத்தேன். அதற்குப் பிறகு அந்த நிறத்தின் பெயர் அவள் வாயில் வந்ததேயில்லை.

எங்கள் ஒரே மகள் சிங்கப்பூரில் வேலை செய்கிறாள். சனி ஞாயிறுகளில் வரும்போது இந்தப் பேச்சைக் கேட்டுத் தலையணையால் முகத்தை மூடிக்கொள்வாள். "ரெண்டு பேரும் கொஞ்சம் மெதுவா பேசுங்களேன். பக்கத்து வீட்டு அங்கிள் வெளியதான் மோட்டார் சைக்கிள் கழுவுறாரு" என்பாள். அவளுடைய அம்மா உள்ளேயிருந்தே, "அவருக்கும் வேணும்னா சொல்லு, கேட்டுக்கட்டும்" என்பாள்.

விஷயம் இதுதான். என் மனைவிக்கு ஈரல் சுருங்கிப் போயிருந்தது. பிறக்கும்போதே தாயிடமிருந்து ஒட்டிக்கொண்டு வந்த மஞ்சள்காமாலைக் கிருமி, யாருக்கும் தெரியாமல் உள்ளேயே குடியிருந்து, ஈரலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டிப்படுத்திவிட்டது. ஈரலுக்குள் போக வழியில்லாத ரத்தம் வேறு பாதை தேடும். அப்படித் தேடியதில் உணவுக்குழாயின் உள்சுவரில் இருந்த ரத்தக் குழாய்கள் புடைத்துக்கொண்டன. அவை எப்போது வேண்டுமானாலும் வெடிக்கலாம். உள்ளே கசிகிற ரத்தம் வயிற்றில் ஊறி வெளியே வரும்போது பெரும்பாலும் சிவப்பாக இருக்காது, தார் மாதிரி கறுப்பாக இருக்கும். கறுப்பு என்றால் காரை எடுக்க வேண்டும், யோசிக்கக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். கார் சாவியைக் கழிவறைக் கதவுக்குப் பக்கத்திலேயே ஓர் ஆணி அடித்து மாட்டினேன்.

அவள் ஒரு சொட்டு மது தொட்டவள் இல்லை. ஆனாலும் ஈரல் என்றவுடன் கோயிலில் சிலர் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். நான் குடித்து அவளுக்கு வந்துவிட்டது போல. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள்தான் கையைப் பிடித்து, "விடுங்க. வெளக்கம் சொல்லப் போனா பிரசாதம் தீந்துடும்" என்று இழுத்துப் போவாள்.

நிறம் பார்ப்பது எனக்குப் புதிதில்லை. பாசிர் கூடாங்கில் ஒரு சமையல் எண்ணெய் ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் ஓய்வு பெறும்வரை வேலை பார்த்தேன். சுத்திகரித்த செம்பனை எண்ணெயை, அதாவது பாமாயிலை, கண்ணாடிக் குப்பியில் ஊற்றி, அதன் பக்கத்தில் நிறக் கண்ணாடிகளை வைத்து, எது எதோடு பொருந்துகிறது என்று பார்ப்பது என் வேலை. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. பொந்தியான் மீனையும் மாசாய் மீனையும் ஒப்பிடுவேன். டோல் கட்டிப் போகும் பாதையையும் சுற்றிப் போகும் பாதையையும் ஒப்பிடுவேன். "என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப எதோட வச்சு ஒப்பிட்டீங்க?" என்று அவள் கேட்டாள் ஒருமுறை. ஒப்பிட எதுவும் கிடைக்கவில்லை என்றேன். "பொய்யி. ஆனா நல்லா இருக்கு, இன்னொரு தடவ சொல்லுங்க" என்றாள்.

முதலில் ரத்தம் வந்தபோது ஜொகூர் பாருவில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வாய் வழியாகக் கேமராக் குழாயை விட்டு, புடைத்த குழாய்களை உறிஞ்சிப் பிடித்து, ஒவ்வொன்றின் கழுத்திலும் சின்ன ரப்பர் வளையம் மாட்டினார்கள். இப்போதெல்லாம் இதற்கு முதல் வைத்தியம் அதுதான், ஊசியெல்லாம் பழையது என்றார் மருத்துவர். அவர் மலாய்க்காரப் பெண். என் மகளைவிடச் சில வயதுதான் மூத்தவராக இருப்பார். என் மனைவியை "மக்சிக்" என்று அத்தை முறை சொல்லித்தான் கூப்பிடுவார். என்னை மாமா முறையில் "பக்சிக்" என்பார்.

நான் பெக்கோக் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். அப்பாவும் அம்மாவும் பால் வெட்டியவர்கள். மயக்கம் தெளிந்து கண் விழித்ததும் அவள் சொன்ன முதல் பேச்சு இது. "ஏங்க, உங்க அப்பா வெட்டுன பாலைத்தான் என் தொண்டையில கட்டியிருக்காங்க. எங்க வீட்டுல யாரும் இனிமே ஒங்க வீட்டுக்காரங்கள கொறச்சுப் பேச முடியாது." எங்கள் கல்யாணத்துக்கு அவர்கள் வீட்டில் வெகு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்கள். அதை அவள் மறக்கவில்லை, அந்த நேரத்திலும்.

வளையம் போட்டுப் போட்டு உள்சுவர் தழும்பாகிவிட்டது. தழும்பான இடத்தை உறிஞ்சிப் பிடிக்க முடியவில்லை, வளையம் வழுக்கிக்கொண்டு வந்தது. மிச்சமிருந்த குழாய்கள் மீண்டும் புடைக்கத் தொடங்கின. இனி ஊசிதான் என்றார் மருத்துவர். பழையது என்று அவரே தள்ளி வைத்த வைத்தியத்துக்கு அவரே திரும்பி வந்தார்.

எனக்கு வேலை வந்துவிட்டது. மகள் கைப்பேசியில் ஆய்வுக் கட்டுரைகளை அனுப்பினாள். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து படித்தேன். ஊசி மருந்து குழாயின் உள்பக்கத்தைப் புண்ணாக்கும். புண்ணான இடத்தில் ரத்தம் உறைந்து, ஆறித் தழும்பாகி, குழாய் அடைபட்டுப் போகும். இதைக் குழாய்க்குள்ளேயே குத்தலாம் என்று ஒரு சாரார். குழாய்க்குப் பக்கத்துச் சுவரில் குத்தி, அங்கே வீங்க வைத்து, வெளியிலிருந்து நெருக்கலாம் என்று இன்னொரு சாரார். இரண்டையும் சேர்த்துச் செய்கிறவர்களும் உண்டு. மருந்திலும் வகைகள். எத்தனோலமின் என்று ஒன்று, பொலிடோகனால் என்று ஒன்று. ஒரு கட்டுரை இதைத் தூக்கிப் பிடிக்கும், அடுத்த கட்டுரை அதைத் தூக்கிப் பிடிக்கும். ஒன்றில் புண் அதிகம் என்பார்கள். அதே மருந்தில் ரத்தம் சீக்கிரம் நிற்கிறது என்பார்கள்.

அவள் எதிரே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். "என்ன முடிவு பண்ணியிருக்கீங்க? எந்த மீன் வாங்கலாம்?"

"சும்மா இரு. பொலிடோகனால் வலி கம்மின்னு போட்டிருக்கு."

"யாருக்குக் கம்மி? எழுதுனவனுக்கா?"

மருத்துவரிடம் போய் என் ஒப்பீட்டையெல்லாம் கொட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். மருந்துகளுக்குள் இருக்கிற வித்தியாசம் நீங்கள் நினைக்கிற அளவு பெரிதில்லை, எது கைவசம் இருக்கிறது, எது செய்து பழகிய கை என்பதைப் பார்ப்போம் என்றார். அப்புறம் ஒரு நிமிடம் என்னைப் பார்த்துவிட்டு, எந்த ஊசி போட்டாலும் குழாயைத்தான் அடைக்கும் பக்சிக், ஈரலை ஒன்றும் செய்யாது என்றார். நான் தலையை ஆட்டினேன். காதில் விழுந்தது. அதை ஒப்பிட்டுப் பார்க்க என்னிடம் கண்ணாடி எதுவும் இல்லை.

ஊசி போட்ட நாட்களை நினைத்தால் இப்போதும் என் நெஞ்சுதான் வலிக்கிறது. மார்பெலும்புக்குப் பின்னால் நெருப்பு வைத்த மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள். லேசான காய்ச்சல் வரும். எச்சில் விழுங்கக்கூடக் கண்ணை மூடுவாள். வலி போனதும் அடுத்த வாரம் இன்னொரு சுற்று. இப்படிப் பல சுற்றுகள். புண் ஆறிய இடத்தில் உணவுக்குழாய் சற்று குறுகிவிட்டது. இட்லியைப் பாலில் ஊறப் போட்டு, கரண்டியால் மசித்துக் கொடுப்பேன். இட்லிக்கு ஆறு வகைச் சட்னி வேண்டும் என்று அடம் பிடித்த குடும்பத்துப் பெண் அவள்.

வீட்டில் சாப்பாட்டு நேரம் இரண்டாகப் பிரிந்தது. அவளுக்கு முதலில் கொடுத்துவிட்டு, நான் சமையலறையில் நின்றபடியே எதையாவது அள்ளிப் போட்டுக்கொள்வேன். தாளிக்கவே மாட்டேன். வாசம் போனால் அவள் ஆசைப்படுவாள் என்று பயம். சில நாள் கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடையில் சாப்பிட்டுவிட்டு வருவேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே குரல் வரும்.

"ரொட்டி சானாய். பருப்புக் கொழம்பு இல்ல, மீன் கொழம்பு. என் பேர்ல ஒண்ணு சாப்ட்டீங்களா?"

"ரெண்டு சாப்ட்டேன்."

"அலமாக். கொஞ்சம் கொறச்சுக்கங்க லா, தொப்பைய பாருங்க."

சிரிப்பாள். பிறகு அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வாள். என்னோடு ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே சோற்றைச் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான் தனக்கு வேண்டும் என்று ஒருநாள் சொன்னாள். அவள் கேட்டதெல்லாம் அதுதான். நான் கேட்டதும் அதுதான். அவள் உயிரோடு இருக்க வேண்டும் என்பதை நான் மனதுக்குள் எப்போதும் இப்படித்தான் சொல்லிக்கொண்டேன்.

அவளுடைய அக்கா இன்னமும் பொந்தியானில்தான் இருக்கிறார். செட்டிநாட்டு வீடுகளில் அக்காவை ஆச்சி என்பார்கள், நானும் அப்படியே கூப்பிடுகிறேன். தங்கை மெத்தென்றுதான் சாப்பிட வேண்டும் என்று கேள்விப்பட்டு ஆச்சி ஒருநாள் கவுனி அரிசி செய்து தூக்குவாளியில் கொண்டு வந்தார். கறுப்பரிசியை ஊறவைத்து, குழைய வேகவைத்து, சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் நெய்யும் போட்டுக் கிளறுவது. அவர்கள் வீட்டில் கவுனி இல்லாமல் ஒரு நல்ல நாள் கிடையாது. எங்களுக்குள் தீராத வழக்கு ஒன்று உண்டு. எங்கள் தோட்டத்துக்கு ஒரு மலாய்க்கார அம்மா சைக்கிளில் புலூட் ஹித்தாம் கஞ்சி கொண்டு வருவார். அதே கறுப்பரிசிதான், தேங்காய்ப்பாலும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டது. ரெண்டும் ஒன்றுதான் என்பேன். "அரிசிதான் ஒண்ணு. பண்டம் வேற. எண்ணெய் பாத்த கண்ணுக்கு இது தெரியாது" என்பாள்.

அன்றைக்கு அவள் சாப்பிட்டதைப் பார்க்க வேண்டுமே. கரண்டியை நக்கினாள். ஆச்சி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வலிக்கிறதா என்று நான் கேட்டேன். "பேசாதீங்க, ருசி போயிரும்" என்றாள்.

மறுநாள் காலை வழக்கம்போலக் கேட்டேன். இன்னொரு தரம் கேட்டேன்.

"கறுப்புங்க" என்றாள்.

சாவி கைக்கு வந்ததும் அவளைக் காரில் ஏற்றியதும் எப்படி என்று நினைவில்லை. பாசிர் கூடாங் நெடுஞ்சாலையில் காலை ஷிப்ட்டுக்குப் போகும் மோட்டார் சைக்கிள்களும் ஆலை பஸ்களும் நிறைந்து கிடந்தன. நான் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. அவள் என் தொடையில் கை வைத்து, "மெதுவா போங்க, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றாள். போகிறவள் அப்படித்தான் சொல்வாள் என்று எனக்குத் தோன்றி, இன்னும் அழுத்தினேன்.

ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். குறையவில்லை. நாடி சரியாக இருந்தது. மலத்தையும் சோதித்தார்கள், அதில் ரத்தமே இல்லை. மருத்துவர் வந்து, நேற்று என்ன சாப்பிட்டீர்கள் மக்சிக் என்று கேட்டார். இவள் கவுனி என்றாள். அவருக்குப் புரியவில்லை. நான்தான் புலூட் ஹித்தாம் என்றேன். மருத்துவர் தாதியைப் பார்த்தார், தாதி மருத்துவரைப் பார்த்தார், இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கட்டிலில் இவளும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். எனக்கு வந்ததே கோபம். கோபம் எதற்கென்று தெரியாமல் வெளியே வந்து சுவரோரம் நின்று அழுதேன்.

திரும்பி வரும்போது காரில் சொன்னாள். "இப்ப ஒத்துக்கறேன். ரெண்டும் ஒண்ணுதான். டாக்டரே சொல்லிட்டாங்க."

அதற்குப் பிறகு கவுனிக்கு எங்கள் வீட்டில் தடை போட்டேன். கறுப்பு என்றால் கறுப்பாகத்தான் இருக்க வேண்டும், எனக்குக் குழப்பம் ஆகாது என்றேன். ஆச்சி வந்தால் வெறும் கையோடு வந்தார்.

சில மாதங்கள் போயின. உணவுக்குழாயில் இருந்தவை பெரும்பாலும் அடைபட்டுவிட்டன, இன்னும் ஒரு சுற்று ஊசி போதும் என்றார்கள். அந்தச் சுற்றுக்கு நாள் குறித்திருந்த வாரத்தில் ஒரு காலை.

"கலர் என்னம்மா?"

"கவுனிங்க."

"கவுனியா? ஏது?"

"நேத்து நீங்க கடைக்குப் போனப்ப ஆச்சி வந்துச்சு. ஒரு டப்பா வச்சிட்டுப் போச்சு. ஆசையா இருந்துச்சு, சாப்ட்டேன். திட்டாதீங்க."

நான் திட்டவில்லை. திருட்டுத்தனமாக ஒரு கரண்டி இனிப்புத் தின்ற பெண்டாட்டியை யார் திட்டுவார்கள். காப்பியைக் குடித்தேன். அன்று காலை காப்பி நன்றாகக்கூட இருந்தது. மத்தியானம் சமையலறைப் பக்கம் போனால் அவள் தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். முகத்தில் வியர்வை, உதடு வெளுத்திருக்கிறது. "பேசின் எடுங்க" என்றாள். எடுப்பதற்குள் வந்துவிட்டது. அதன் நிறத்தை நான் எழுதப் போவதில்லை.

அவசரப் பிரிவில் இரண்டு கையிலும் ஊசி குத்தி, ரத்தம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவள் என் விரலைப் பிடித்தாள்.

"கவுனி சாப்டல."

"தெரியும். ஆச்சிக்குப் போன் போட்டேன்."

"இன்னொரு தடவ அந்த நெஞ்சு வலி வேணாம்னு இருந்துச்சுங்க. ஒரு நாள் தள்ளிப் போனா ஒரு நாள் தானேன்னு."

அவளைக் கோபிக்க எனக்கு வாய் வரவில்லை. அந்த வலியை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன், அவ்வளவுதான். பட்டது அவள்.

மருத்துவர் கையுறையோடு வந்தார். கேமரா விட்டுப் பார்த்தாயிற்று, ரத்தம் வருவது உணவுக்குழாயில் இல்லை, அதற்குக் கீழே இரைப்பையின் மேற்பகுதியில், அங்கே புதிதாக ஒன்று பெரிதாகப் புடைத்திருக்கிறது என்றார். மருந்து கொடுத்து ரத்தத்தை மட்டுப்படுத்தியிருக்கிறோம், அது நிற்காது. வளையம் அங்கே பிடிக்காது, பழைய ஊசியும் அங்கே அவ்வளவாகப் பலிக்காது. பசை ஊசி போட வேண்டும் என்றார். பசை உடைந்து ரத்தத்தோடு போய் நுரையீரலில் அடைக்கவும் வாய்ப்பு உண்டு, அபூர்வம்தான், ஆனாலும் சொல்லிவிட வேண்டும் என்று சொன்னார். சொல்லிவிட்டு எங்களுக்காகத் திரைக்கு அந்தப் பக்கம் போய் நின்றார்.

ஊசி என்ற சொல்லைக் கேட்டதுமே அவள் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டத் தொடங்கிவிட்டாள். வேண்டாம், வேண்டாம் என்று உதடு அசைந்தது. அவள் மாட்டேன் என்றால் அதோடு முடிந்தது.

பிறகு அவளே என்னைப் பார்த்தாள். "வாழ்நாள் பூரா எல்லாத்தையும் ஒப்பிட்டீங்கள்ல. இப்ப சொல்லுங்க. அதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?"

படித்ததெல்லாம் மறந்துவிட்டது. எத்தனோலமின் மறந்துவிட்டது. தோட்டத்தில் ரப்பர் மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் சேர்ந்த பாலை வாளியில் கொட்டி, ஆசிட் விட்டதும் அது கட்டியாகிப் போவது மட்டும் கண்ணுக்கு முன்னால் வந்தது.

"அது புண்ணாக்கி மூடுறது. ஆற ஆறத்தான் அடையும். அதனாலதான் ஒனக்கு அவ்ளோ வலி. இது அப்படி இல்லம்மா. ரத்தத்துல பட்டதும் பால் ஒறையிற மாதிரி அங்கயே ஒறஞ்சு நின்னுரும். எரியாதுன்னுதான் போட்டிருக்கு."

"டாக்டர் சொன்னாங்களே, நுரையீரல்னு."

"ஆமா. அதுவும் இருக்கு."

"எது சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பும்?"

"இது."

"அப்ப இதையே வாங்குங்க" என்றாள், மீன் கடையில் சொல்வது போல.

பசை பிடித்துக்கொண்டது. ரத்தம் நின்றது. நெஞ்சு வலி வரவில்லை. கண் விழித்ததும் சைகையால் என்னைக் கிட்டே கூப்பிட்டு, "ஒங்க ஆளு ஜெயிச்சிட்டான்" என்றாள். எந்த ஆள் என்று நான் கேட்கவில்லை. அன்றைக்கு உலகத்தில் எல்லோரும் என் ஆள்தான்.

அடுத்தடுத்து கேமரா பார்த்ததில் மேலே ஒன்றுமில்லை, கீழே பசைக் கட்டி மட்டும் இருந்தது. அதுவும் நாளடைவில் உதிர்ந்துவிடும் என்றார்கள். குறுகியிருந்த உணவுக்குழாயையும் பலூன் வைத்து விரித்துவிட்டார்கள். மருத்துவர் திரையைக் காட்டி "சாந்தேக்" என்றார். அழகாக இருக்கிறது என்று. இளஞ்சிவப்பில் வெறும் சுவர். நானும் அவ்வளவு அழகான நிறத்தை எந்தக் குப்பியிலும் பார்த்ததில்லை. இனி மென்று சாப்பிட்டால் எதுவும் சாப்பிடலாம் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பளம் பொரிக்கச் சொன்னாள். பயந்துகொண்டே பொரித்தேன். ரசம் வைத்தேன், தாளித்தேன். மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். அவள் அப்பளத்தைக் கையில் வைத்து ஒருமுறை பார்த்துவிட்டு உடைத்தாள். அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது. எங்கள் வீட்டில் எத்தனையோ காலமாகக் கேட்காத சத்தம். நான் சாப்பிடாமல் அதையே கேட்டுக்கொண்டிருந்தேன். "என்ன பாக்குறீங்க? ஒங்க அப்பளத்தையும் எடுத்துருவேன்" என்றாள். எடுத்தும்விட்டாள்.

அந்த மேசையில் நாங்கள் ஒன்றாகச் சாப்பிட்டது ஒரு மழைக்காலம் அளவுக்குத்தான். பிறகு அவள் வயிற்றில் நீர் கோத்தது, கண் மஞ்சளானது, பேச்சு சில நேரம் தடம் மாறியது. குழாய்கள் ஒன்றும் வெடிக்கவில்லை. ஊசிகள் எல்லாம் தங்கள் வேலையைச் சரியாகவே செய்திருந்தன. மருத்துவர் அன்றே சொன்னதுதான். ஈரல் நின்றுவிட்டது. மாற்று ஈரலுக்குப் பெயர் கொடுத்திருந்தோம், எங்கள் முறை வரவில்லை. கடைசி நாட்களில்கூட நான் காலையில் கேட்பேன். கட்டிலிலேயே எல்லாம் என்றாகிவிட்ட பிறகும் கேட்பேன். பார்க்கிறவனே நான்தான், கேட்க என்ன இருக்கிறது. ஆனாலும் அவள் கண்ணை மூடிக்கொண்டு, "கடுகு" என்பாள்.

இப்போது நான் மீனை ஒப்பிடுவதில்லை. எது கண்ணில் படுகிறதோ அதை வாங்கிவிடுகிறேன். நல்லா இருக்கா என்று கேட்க ஆள் இல்லாதபோது எந்த மீனும் மீன்தான். வீட்டில் சாப்பாட்டு மேசையில் தினமும் உட்கார்கிறேன். நின்றுகொண்டு சாப்பிட்டால் அவள் கோபித்துக்கொள்வாள் என்று தோன்றுகிறது. தாளிக்கும்போது அவள் மூக்கு எங்கிருந்தாவது கண்டுபிடித்துவிடாதா என்று ஏங்குகிறேன். இந்த வயதில் இப்படி ஏங்குவது வெட்கமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் ஏங்குகிறேன்.

அவள் போய் ஒரு வருடம் நிறைந்தபோது ஆச்சி வந்து படைப்புக்கு ஏற்பாடு செய்தார். இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் செய்து இலையில் வைத்துக் கும்பிட்டு, பிறகு வீட்டார் சாப்பிடுவது. கவுனி செய்யட்டுமா என்று ஆச்சி தயங்கித் தயங்கிக் கேட்டார். தடையெல்லாம் எடுத்தாயிற்று ஆச்சி, நிறையவே செய்யுங்கள் என்றேன். கவுனியை இலையின் நடுவில் வைத்தார். சேலை ஒன்றை மடித்துப் பக்கத்தில் வைத்தார். கடுகு நிறம். மகள் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாள். நானும் சாப்பிட்டேன். புலூட் ஹித்தாம் வேறு, இது வேறுதான். அதை அவளிடம் ஒப்புக்கொண்டிருக்கலாம்.

மறுநாள் காலை காப்பி போட்டு எடுத்துக்கொண்டு வந்தேன். கழிவறைக் கதவு சாத்தியிருந்தது, உள்ளே விளக்கு எரிந்தது. மகள் இன்னும் சிங்கப்பூர் திரும்பவில்லை. அதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் வாய் கேட்டுவிட்டது.

"கலர் என்னம்மா?"

உள்ளே குழாயில் தண்ணீர் சொட்டுவது கேட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டு நகரப் போனேன். அப்போது மகளின் குரல் வந்தது. அவளுடைய அம்மாவின் குரல் போலவே கொஞ்சம் கம்மியிருந்தது.

"கறுப்புப்பா."

கொஞ்சம் பொறுத்து, "நேத்து கவுனி சாப்ட்டோம்ல, அதான்" என்றாள்.

அதற்குள் என் கை ஆணியிலிருந்து சாவியை எடுத்துவிட்டிருந்தது. காப்பி பாதி தரையில் கிடந்தது. சாவி இருந்தது, கார் இருந்தது, ஆஸ்பத்திரிக்கு வழியும் தெரியும். ஏற்றிக்கொண்டு போகத்தான் அவள் இல்லை.